எலும்பும் அதன் நிழலும்

ஒளுவின் சட்டங்களை ஓதும் மாணாக்கர் ஒரு நாள் 'ஜபீரா' என்னும் சொல்லுக்கு வந்து சேர்வர். முறிந்த எலும்பின் மீது வைத்துக் கட்டப்படும் தப்பைக்கு அரபியில் அது பெயர். கட்டை அவிழ்த்தால் கேடு விளையும் என்னும் நிலையில், அதன் மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ள ஃபிக்ஹு நூல்கள் இடமளிக்கின்றன. ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்களுக்கிடையே இதன் கிளை விவரங்களில் வேறுபாடுகள் உண்டு; அவை இங்கே நமக்கு வேண்டா. அந்தச் சொல்லின் வேரே நமக்கு வேண்டுவது. 'ஜபர' என்றால் முறிந்ததைப் பொருத்தினான் என்று பொருள். பொருத்தும் செயல் ஜப்ரு, பொருத்துபவர் முஜப்பிர். கி.பி. 820 அளவில், அதாவது ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்தாதில் கணித நூல் இயற்றிய அல்குவாரிஸ்மீ, சமன்பாட்டில் குறைபட்டு நிற்கும் தொகையை நிறைவாக்கும் முறைக்கு இதே சொல்லை எடுத்தாண்டார். பள்ளிப் பிள்ளைகள் அஞ்சி நடுங்கும் அல்ஜப்ராவும் எலும்பு கட்டும் தொழிலும் இவ்வாறு ஒரு வேரில் கிளைத்தவை. ஸ்பெயின் நாட்டு மொழியில் எலும்பு கட்டுபவருக்கு 'அல்ஜெப்ரிஸ்தா' என்ற பெயர் பல நூற்றாண்டுகள் வழங்கிற்று. 1615இல் வெளிவந்த 'டான் குவிக்ஸாட்' நாவலின் இரண்டாம் பாகத்திலும் குதிரையிலிருந்து விழுந்தவனுக்கு வைத்தியம் பார்க்க ஓர் அல்ஜெப்ரிஸ்தா வருகிறார்.

ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் 1895இல் தாம் கண்ட கதிருக்கு எக்ஸ் என்று பெயரிட்டதும் அல்ஜப்ராவின் வழக்கத்தை ஒட்டித்தான். அறியப்படாத தொகையைக் குறிக்கும் எழுத்து அது. அரபியிலுள்ள 'ஷைஉ' என்ற சொல்லே ஸ்பெயின் வழியாகச் சென்று எக்ஸ் ஆயிற்று என்று நம் பேச்சாளர்கள் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அல்குவாரிஸ்மீ அறியப்படாததை 'ஷைஉ' என்றழைத்தது மெய். ஆனால் டெக்கார்ட் 1637இல் எக்ஸைக் கையாண்டதற்கும் அதற்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் கிடையாது. நமக்கு உரிய பெருமைகளே நிறைய இருக்க, இல்லாததைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

எலும்பு கட்டும் கலையை நூல் வடிவில் விரிவாக வைத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். 1013 அளவில் மறைந்தவர். அவரது 'கிதாபுத் தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. கடைசிப் பகுதி அறுவை மருத்துவத்துக்கு உரியது. அதன் முதற் பிரிவு சூடிடுதலையும், இரண்டாவது அறுத்தலையும், மூன்றாவது ஜப்ருவையும் விளக்குகின்றன. மூன்றாம் பிரிவின் முகப்பில் அவர் ஒரு குறையை முறையிடுகிறார்: முன்னோர் நூலில் ஓரெழுத்தும் பார்த்தறியாதவர்களெல்லாம் இக்கலையில் கை வைப்பதால்தான் தம் நாட்டில் இது சீரழிந்தது என்கிறார். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அந்த முறையீட்டுக்கு வயதாகவில்லை.

ஸஹ்ராவீக்கும், அவருக்குச் சற்றே பிற்பட்ட இப்னு ஸீனாவுக்கும் எலும்பைக் காண இருந்த கருவிகள் இரண்டு: விரலும் செவியும். முறிந்த முனைகள் உரசும்போது எழும் கரகரப்பை விரல் உணர்ந்தது, காது கேட்டது. இழுத்துப் பொருத்தியபின் மேடு பள்ளம் உண்டா என்று தடவிப் பார்த்தனர். மற்றக் காலோடு ஒப்பிட்டு நீளம் சரிதானா என்று அளந்தனர். வீக்கம் வற்றுமுன் தப்பை வைத்து இறுகக் கட்டிவிடலாகாது, சில நாள் பொறுக்க வேண்டும் என்பது இப்னு ஸீனாவின் போதனை. அதன் உண்மையை 1881இல் ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் வேறொரு வழியில் நிலைநாட்டினார். இறுக்கமான கட்டுக்குள் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை சுருங்கி முடமாவதை அவர் விவரித்தார். அக்கேட்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

தோலுக்கு அண்மையிலுள்ள எலும்புக்கு விரல் போதும். முழங்கால் கீழ் எலும்பின் முன்விளிம்பை யார் வேண்டுமானாலும் தடவி அறியலாம். ஆனால் இடுப்பில், கனத்த தசைகளுக்குள் புதைந்திருக்கும் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் எந்த முஜப்பிரின் விரலும் அங்கே எட்டாது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிமார் மீண்டும் எழாமலே போனதற்கு இதுவே காரணம். அவர்கள் முறிவினால் உடனே மாண்டவர்கள் அல்லர். படுக்கையில் கிடந்த கிடை அவர்களை மெல்லக் கொண்டு சென்றது.

நம் திண்டுக்கல் சமவெளியில் எலும்பு முறிவதற்கான வழிகளுக்குப் பஞ்சமில்லை. அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டிப் பக்கம் தென்னை ஏறுவோர் உண்டு; நத்தம் பக்கம் புளியும் மாவும் உலுக்குவோர் உண்டு; சிறுமலையிலிருந்து சுமை இறக்குவோர் உண்டு. தை மாதத்தில் மாடு பிடிக்கும் களங்கள் வேறு. காசுமீரத்திலிருந்து குமரி வரை செல்லும் பெருஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்வதால், மோட்டார் சைக்கிளில் போய் அடிபடும் இளைஞர் இன்று மரமேறிகளைவிட மிகுதி. மரத்திலிருந்து நின்றபடி விழுபவர் குதிகாலை முறித்துக்கொள்வர். அவரது முதுகெலும்பும் நசுங்கியிருக்கக்கூடும். குதிகாலின் வலி பெரிதாயிருப்பதால் முதுகை யாரும் கேட்பதில்லை. குதிகாலை மட்டும் படமெடுத்து அனுப்பிவிட்டால் முதுகு மறைந்தே போகும். நல்ல மருத்துவர் அதையும் தட்டிப் பார்ப்பார்.

முறிவுக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியர்கள் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறார்கள். மூங்கில் தப்பை, முட்டையின் வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு, துணி ஆகியவை அவர்களின் சாமான்கள். ஆந்திரத்துப் புத்தூரின் பெயர் தாங்கிய 'புத்தூர் கட்டு' என்ற பலகை தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் தொங்குகிறது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை நம் ஊர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. பெரிய முறிவென்றால் மதுரையின் எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கு, பிற்காலத்தில் அரசு இராசாசி மருத்துவமனை எனப் பெயர் மாறிய அதே இடத்துக்கு, வண்டியேற வேண்டும். வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவரே என்றால் அருகிலுள்ள வைத்தியரிடம் போவதே வழக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எளிய முறிவுகள் அவர்கள் கையில் நேராகக் கூடியதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கோணலாகக் கூடியதையும் கண்டிருக்கிறோம்.

1895 நவம்பர் 8ஆம் நாள் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் அக்கதிரைக் கண்டார். டிசம்பர் 22இல் தம் மனைவியின் கையை அதன் வழியே படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. 1896 ஜனவரியில் செய்தி உலகெங்கும் பரவிற்று. பிப்ரவரி 7ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ராபர்ட் ஜோன்ஸ் என்னும் எலும்பு மருத்துவர், மணிக்கட்டில் துப்பாக்கிக் குண்டு புதைந்த சிறுவன் ஒருவனை ஆலிவர் லாட்ஜ் என்னும் இயற்பியல் பேராசிரியரிடம் அழைத்துச் சென்றார். கையை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் வைத்திருந்து படம் எடுத்தனர். சலாகையால் துழாவியும் அகப்படாத குண்டு எலும்புகளுக்கிடையே இருந்தது தெரிந்தது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 14இல், பர்மிங்ஹாமில் ஜான் ஹால் எட்வர்ட்ஸ் எடுத்த ஊடுகதிர்ப் படமொன்று அறுவை செய்த கைக்கு நேரடியாக வழிகாட்டிற்று.

இந்த ராபர்ட் ஜோன்ஸ் யார்? வேல்ஸ் நாட்டில் தலைமுறைகளாக எலும்பு கட்டிவந்த நாட்டு வைத்தியர் குடும்பத்தில் தோன்றிய ஹ்யூ ஓவன் தாமஸ் என்பாரின் உறவினர்; அவரிடம் தொழில் பயின்றவர். எலும்பு கட்டும் வீட்டின் வாரிசு ஒருவர், புதிய கதிர் கிடைத்த சில வாரங்களிலேயே அதைத் தேடி ஓடியிருக்கிறார். விரலின் எல்லையை அறிந்தவருக்கே அதைத் தாண்டிக் காட்டும் கருவியின் அருமை தெரியும் போலும்.

இந்திய மண்ணிற்கும் அக்கதிர் விரைவிலேயே வந்தது. முதலில் படையோடு வந்தது. 1897, 98இல் வடமேற்கு எல்லையின் திராஹ் மலைகளில் அஃப்ரீதிகளை எதிர்த்து ஆங்கிலேயர் படை நடத்தியபோது, பீவர் என்ற இராணுவ மருத்துவர் ஊடுகதிர்ப் பெட்டியை மலைப்பாதையில் சுமந்து சென்று, காயம்பட்ட சிப்பாய்களின் உடலில் குண்டு இருக்கும் இடத்தைக் காட்டினார். அம்மலைகளின் மக்களுக்கு அப்படியொரு பெட்டி வாய்க்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தாமே அமைத்த கருவியைக் கொண்டு, நண்பரான டாக்டர் நீல்ரத்தன் சர்க்காரின் நோயாளி ஒருவரது முறிந்த முதுகைப் பார்க்க ஏற்பாடு செய்திருப்பதாகக் கவி தாகூருக்குக் கடிதம் எழுதினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934இல் பார்னார்டு ஊடுகதிர் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே பயின்றவர்கள் வழியாக இத்துறை தென்னாட்டின் மாவட்டங்களுக்கு இறங்கிற்று.

இனி, அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்பதற்கு வருவோம். அதைப் 'போட்டோ' என்று நம் மக்கள் எண்ணுகிறார்கள். அது போட்டோ அன்று, நிழல். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கதிர், தசையை எளிதாகவும் எலும்பை அரிதாகவும் ஊடுருவி, அப்பாலுள்ள படத்தகட்டில் விழுகிறது. எலும்பு தடுத்த அளவுக்கு அங்கே வெளுப்பு. நிழல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நாம் நன்கறிவோம். அஸர் நேரத்தை நிழலால் அளக்கும் சமுதாயம் நம்முடையது. நட்ட கோல் செங்குத்தாக நின்றால்தான் அந்த அளவு செல்லும். கோல் சாய்ந்திருந்தால் நேரமும் சாயும். அல்பீரூனீ நிழல்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பஸராவில் 965 அளவில் பிறந்து காஹிராவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், சூரிய கிரகணத்தின் உருவம் சிறு துளை வழியே விழுவதை ஆராய்ந்து, துளை பெரிதானால் உருவம் மழுங்கும், சிறிதானால் தெளிவாகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஊடுகதிர்க் குழாயில் கதிர் கிளம்பும் புள்ளி எவ்வளவுக்குச் சிறிதோ அவ்வளவுக்கு எலும்பின் விளிம்பு கூர்மையாகத் தெரிவதும் அதே கணக்கின்படிதான். இப்னுல் ஹைதம் ஊடுகதிரை அறிந்திருந்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்பதன் விளைவுகளை அவர் அறிந்திருந்தார், அது போதும்.

நிழல் பெரிதாகும். கதிரின் ஊற்று படத்தகட்டிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருக்க, தொடை எலும்பு தகட்டுக்கு மேலே 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 40 செ.மீ. நீள எலும்பு படத்தில் 44 செ.மீ.க்குச் சற்று மேலாக விழும். பருத்த உடலில் எலும்பு தகட்டுக்கு இன்னும் அப்பால் இருப்பதால் இன்னும் பெரிதாகும். படத்தை அளந்து அதே அளவில் கம்பியோ செயற்கை மூட்டோ தேர்ந்தெடுத்தால் பொருந்தாமற் போகும். ஆகவே அளவு தெரிந்த உலோகக் குண்டு ஒன்றை எலும்பின் மட்டத்தில் வைத்துச் சேர்த்துப் படமெடுக்கிறார்கள். 25 மில்லிமீட்டர்க் குண்டு படத்தில் 30 என்று விழுந்தால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு பெருத்திருக்கிறது என்பது விளங்கும்.

நிழல் மறைக்கவும் செய்யும். ஈர்க்குச்சியை நடுவில் ஒடித்து, ஒடிந்த பாதி கதிரவனை நோக்கி மடங்கியிருக்கும்படி வெயிலில் பிடித்துப் பாருங்கள். தரையில் விழும் நிழல் நேர்க்கோடாகவே இருக்கும். கையைக் கால்வட்டம் திருப்பினால்தான் கோணல் தெரியும். எங்கள் மதரஸாவில் ஓதிய பிள்ளையொருவன் பெருநாள் விடுமுறையில் புளியமரத்திலிருந்து விழுந்து முன்கையை முறித்துக்கொண்டான். ஓரிடத்தில் மேலிருந்து மட்டும் ஒரு படம் எடுத்து, எலும்பு நேராக இருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் வேறொரு மருத்துவர் கையைப் பக்கவாட்டில் வைத்து மீண்டும் எடுக்கச் சொன்னார். முதற்படத்தில் கம்பி போல் நேராயிருந்த அதே எலும்பு இரண்டாம் படத்தில் கொக்கி போல் மடங்கி நின்றது. பிள்ளையின் தகப்பனார் இரண்டு படங்களையும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்து, 'இது ரெண்டும் ஒரே கைதானா, ஹஜ்ரத்?' என்று என்னிடம் கேட்டார். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்கள், முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டும் தெரியும்படி எடுத்தல் ஆகியவை இத்துறையின் அரிச்சுவடி. கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஒரு படம் போதும் என்று நோயாளியின் வீட்டாரே கேட்பதும் உண்டு. அந்த மிச்சம் விலை கூடியது.

இரண்டு கோணமும் காட்டாத முறிவுகளும் உள. மணிக்கட்டில் படகு வடிவில் ஒரு சிற்றெலும்பு இருக்கிறது. கையூன்றி விழும்போது அதில் மயிரிழை விரிசல் விழுந்தால் முதல் நாள் படத்தில் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். பத்துப் பதினான்கு நாள் சென்றபின் எடுத்தால் தெரியும். ஆகவே படத்தில் முறிவில்லை என்பதும் கையில் முறிவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். கட்டை விரலின் அடியிலுள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்க்கும் விரல் இங்கே படத்தை வெல்லுகிறது. ஸஹ்ராவீயின் கருவி இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

அறுவைக்கு முன் எடுக்கும் படத்தின் நிலை இது. அறுவை நடக்கும்போதே கதிரை வழிகாட்டியாகக் கொள்வது இன்னும் நுட்பமானது. முன்னே சொன்ன இடுப்பு முறிவுக்கு விடிவு வந்தது இதனால்தான். பாஸ்டன் நகரின் ஸ்மித் பீட்டர்சன் 1925இல் மூன்று சிறகுள்ள ஆணி ஒன்றை வகுத்து, இடுப்பு மூட்டைத் திறந்து முறிந்த கழுத்தின் குறுக்கே அறைந்தார். 1931இல் அதனை வெளியிட்டார். ஸ்வீடன் நாட்டு ஸ்வென் ஜோஹான்சன் 1932இல் அந்த ஆணியின் நடுவே நீளத் துளையிட்டார். முதலில் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, இரண்டு கோணத்திலும் படமெடுத்து, கம்பி சரியான வழியில் போயிருந்தால் அதன் மேல் ஆணியைக் கோத்து இறக்குவது அவரது முறை. மூட்டைத் திறக்க வேண்டியதில்லை. கம்பி கோணலென்றால் பிடுங்கி மீண்டும் செலுத்தலாம். ஆணி கோணலானால் எலும்பு பிளந்துவிடும். எளிய யோசனை, எத்தனையோ முதியவர்களை எழுந்து நடக்க வைத்தது. அக்காலத்தில் ஒவ்வொரு படமும் இருட்டறைக்குப் போய் மருந்தில் நனைந்து வர வேண்டும். நோயாளி மயக்கத்தில் காத்திருப்பார்.

படத்தகட்டுக்குப் பதிலாக ஒளிரும் திரையில் நேரே பார்க்கும் வழியும் இருந்தது. ஆனால் திரை மிக மங்கல். கண் இருட்டுக்குப் பழக வேண்டுமென்று மருத்துவர்கள் முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி அணிந்து நடமாடுவர். 1939இல் கீல் நகரின் குண்ட்ஷர் தொடை எலும்பின் உள்குழலில் நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தும் முறையைத் தொடங்கினார். நம் மக்கள் இன்று 'ராடு' என்று சொல்வது அதன் வழிவந்ததே. மங்கிய திரையை நம்பி அதைச் செய்வது எளிதாக இல்லை. உருவத்தைப் பல மடங்கு பிரகாசமாக்கும் குழாய் 1948இல் அமெரிக்காவில் உருவாயிற்று. 1955இல் பிலிப்ஸ் நிறுவனம், ஒரு முனையில் கதிர்க் குழாயும் மறு முனையில் உருவம் வாங்கும் கருவியும் கொண்டு, ஸி என்ற ஆங்கில எழுத்தைப் போல் வளைந்து நோயாளியைச் சுற்றிச் சுழலும் இயந்திரத்தை வெளியிட்டது. 'ஸி-ஆர்ம்' என்று அறுவை அறைகளில் வழங்குவது இதுவே. சுழற்றினால் இரண்டாம் கோணம் நொடியில் கிடைத்தது.

கிடைத்தும் நிழலின் குணம் மாறவில்லை. உள்ளே செலுத்திய ராடு திரும்பிவிடாமலும் கால் குறுகிவிடாமலும் இருக்க, அதன் இரு முனைகளிலும் துளைகள் வைத்துக் குறுக்கே திருகாணி பூட்டுகிறார்கள். மேல்முனைத் துளையை வெளிச் சட்டத்தால் குறி வைக்கலாம். கீழ்முனைக்கு அது உதவாது. எலும்பின் வளைவுக்கேற்ப ராடு உள்ளே சிறிது நெளிந்துவிடும், குறி தவறும். அப்போது மருத்துவர் வளையலின் நிழலை நினைத்துக்கொள்கிறார். வளையலை விளக்குக்கு நேராகப் பிடித்தால் சுவரில் முழு வட்டம் விழும். சற்றே சாய்த்தால் முட்டை வடிவாகும். ஸி-ஆர்மைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ராடின் துளை திரையில் முழு வட்டமாகத் தெரியும் வரை நகர்த்துகிறார்கள். வட்டம் முழுமையானால் கதிரும் துளையும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளன. அந்த வட்டத்தின் நடுவில் துரப்பணத்தை வைத்தால் திருகாணி தவறாது. பெரிய கணிப்பொறி ஏதுமில்லாமல் ஒரு வட்டத்தின் முழுமையை நம்பிச் செய்யப்படும் வேலை இது.

திரையின் அகலம் ஒரு சாணுக்கு மேல் சிறிதே. இடுப்பையும் முழங்காலையும் ஒருங்கே அது காட்டாது. ஆதலால் முறிந்த கீழ்ப்பாதி தன் அச்சில் திரும்பிப் பொருந்திவிட்டால், இரு படங்களும் அழகாக இருக்க, எழுந்து நடக்கும்போது பாதம் மட்டும் வெளியே பார்க்கும். அனுபவசாலிகள் நல்ல காலின் இடுப்பு முழங்கால் படங்களை முதலில் எடுத்துத் திரையில் நிறுத்திக்கொண்டு, அதே நிழல் அடிபட்ட காலிலும் விழுகிறதா என்று ஒப்பிடுகிறார்கள். மற்றக் காலோடு ஒப்பிடுக என்று முஜப்பிர்கள் சொன்னதும் இதுதானே!

இன்னொரு பிழை விந்தையானது. பழைய வகை ஸி-ஆர்மில் ஊடுகதிர் முதலில் எலக்ட்ரான்களாக மாறி, குழாய்க்குள் ஓடித் திரையில் ஒளியாகும். ஓடும் எலக்ட்ரானைப் பூமியின் காந்தம் சற்றே ஒதுக்கும். திரையில் நேர்கோடு மெல்லிய நெளிவாகும். இயந்திரம் திரும்பத் திரும்ப நெளிவும் மாறும். நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் 1899இல் அமைந்த வானாய்வு நிலையம் பூமியின் காந்தத்தையும் நெடுங்காலம் அளந்து வந்தது. காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பது அதன் சிறப்பு. கண்ணால் பார்த்துச் செய்யும் வேலைக்கு இந்நெளிவு பெரிய தீங்கில்லை. ஆனால் படத்தைக் கணிப்பொறியில் ஏற்றி, முதுகெலும்பில் திருகாணி எங்கே நுழைய வேண்டும் என்று மில்லிமீட்டர்க் கணக்கில் கேட்கத் தொடங்கியபோது, நெளிவைத் திருத்தாமல் பதில் சரியாக வராது என்று கண்டனர். அளவறிந்த உலோகப் புள்ளிகள் பதித்த தட்டை முன்னே வைத்து, புள்ளிகள் எவ்வளவு விலகின என்று கணக்கிட்டுத் திருத்தினர். 2000க்குப் பின் பரவிய தட்டையான உணர்கருவிகளில் இந்நெளிவு இல்லை. முதுகெலும்பில் மட்டும் ஏன் இவ்வளவு கவலை என்றால், திருகாணி செல்லும் எலும்புத் தண்டை அடுத்தே நரம்பு இருக்கிறது. அங்கே சில மில்லிமீட்டர் தவறினாலும் கால் விளங்காமற் போகலாம்.

2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. முறிந்த காலோடு மதுரைக்குப் போக வேண்டிய காலம் பெரிதும் கழிந்தது. நாட்டு வைத்தியர்களில் பலரும் இப்போது படம் எடுத்து வரச் சொல்லிவிட்டே கட்டுப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கட்டிய பின் மீண்டும் ஒரு படம் எடுத்துப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்போர் குறைவு. முன்படம் நோயைச் சொல்லும். பின்படம் வைத்தியரைப் பற்றிச் சொல்லும். அதனால்தானோ என்னவோ, அதை விரும்புவோர் அரிது. பெரிய மருத்துவமனைக்குச் செல்பவரும் பின்படத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அது நோயாளியின் உரிமை.

துல்லியம் வேண்டுமானால் பலமுறை படம் பார்க்க வேண்டும். பலமுறை பார்த்தால் கதிர் மிகுதியாகப் படும். இந்த இழுபறி தொடக்கத்திலிருந்தே இருந்தது. முதன்முதல் அறுவைக்கு வழிகாட்டிய ஹால் எட்வர்ட்ஸ், தம் கைகளையே கதிரின் முன் நாள்தோறும் வைத்துச் சோதித்தவர். தோல் வெந்து புற்றாயிற்று. 1908இல் இடக்கையை வெட்டி எடுத்தனர். பின் வலக்கையின் விரல்கள் நான்கையும். வெட்டிய கையைப் பின்வருவோர் கற்கட்டும் என்று அவர் ஒப்படைத்தார். அது பர்மிங்ஹாம் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936இல் நிறுவிய நினைவுத்தூணில், இவ்வாறு கதிரால் மாண்ட 169 பேரின் பெயர்கள் முதலில் பொறிக்கப்பட்டன. பின்னர் மேலும் சேர்க்கப்பட்டன.

இன்று இந்தியாவில் 1983இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதற்கு விதிகள் வகுத்துள்ளது. நோயாளிக்கு ஓரிரு படங்களால் வரும் தீங்கு மிகச் சிறிது. அதற்கு அஞ்சித் தேவையான படத்தைத் தவிர்க்கலாகாது. கருவுற்ற பெண்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அபாயம், நாள்தோறும் அந்த அறையில் நிற்கும் பணியாளர்க்கே மிகுதி. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்தான் அவர்களை வந்தடைகிறது. இரண்டு மடங்கு தூரம் விலகினால் அது நான்கில் ஒன்றாகக் குறையும். கதிர்க் குழாயை மேசைக்குக் கீழே வைத்தால் முகத்தில் படுவது குறையும். சிறு பிள்ளையின் காலை அசையாமல் பிடிக்க வேண்டுமென்று தாயையோ மாமனையோ உள்ளே அழைக்கும்போது, அவர்களுக்கும் ஈய அங்கி கேட்டு வாங்க வேண்டும். அந்த அங்கியை மடித்து நாற்காலியில் எறிவது பல இடங்களில் வழக்கம். மடிப்பில் ஈயம் வெடித்துவிடும், வெளியே தெரியாது. ஆணியில் தொங்கவிட வேண்டும். உள்ளே விரிசல் விழுந்திருக்கிறதா என்பதை அறிய, அங்கியையே ஊடுகதிரின் கீழ் விரித்து அதன் நிழலைப் பார்க்கிறார்கள்.